புதிய திரையில் படம் தோன்றாவிடில்



வன்னியிலே ஒரு விவசாயக் குடும்பம். மூத்த மகள் க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்பவள். கொழும்பிலே வேலை பார்க்கும் மாமன், அலுவலகமொன்றிலே கழித்து விற்ற கணினியொன்றை அவளுக்கென வாங்கி அனுப்பியிருந்தார். அதனோடு வந்த பழைய காட்சித்திரை இரண்டாண்டு உழைத்தபின் ஓரிரவு அணைந்து போயிற்று; மறுநாள் எரியவில்லை. தாயார் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துப் பட்டினத்துக் கடையொன்றிலே புதிய திரையை வாங்குவித்தார். மொனிற்றர் என்று பலரும் வழங்கும் அக்காட்சித்திரையைப் பற்றியதே இவ்வுரை.

பெட்டி திறக்கப்பட்டது. அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்து கூடினர். மகள் புதிய வடத்தைக் கணினியிலே பொருத்தி ஆளியை அழுத்தினாள். திரையின் கீழ் விளிம்பிலே சிறுவிளக்கொன்று நீலமாக எரிந்தது. 'நோ சிக்னல்' என்னும் ஆங்கிலச் சொற்கள் சில கணம் மிதந்தன. பின்னர் நீல விளக்குச் செம்மஞ்சளாக மாறிற்று, திரை இருண்டது.

தகப்பனார் மறுநாட் காலையிலேயே திரையைப் பெட்டியிலிட்டுக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு சென்றார். கடைக்காரர் அதனைத் தம் மடிகணினியோடு இணைத்தார். படம் பளிச்செனத் தோன்றியது. "ஐயா, திரையிலே குறையொன்றுமில்லை, வீட்டிலுள்ள கணினியைத்தான் பார்க்கவேண்டும்" என்றார் அவர். மாலையில் வீடு திரும்பிப் பொருத்தியபோது மீண்டும் அதே இருள். காலை வரை கடைக்காரர் மேலிருந்த சந்தேகம் இப்பொழுது பிள்ளையின் மேல் இறங்கிற்று. "நீ ஏதும் கையை வைத்துக் கெடுத்துப் போட்டாயோ, பிள்ளை?" என்று தகப்பனார் வினவினார். அவள் விடை கூறவில்லை. மூன்று மாதமாக அவள் எழுதிச் சேர்த்த செயற்றிட்ட அறிக்கை அக்கணினிக்குள்ளேயே கிடந்தது. பிரதி வேறெங்கும் இல்லை.

இவ்வாறான வேளைகளிலே மனிதமனம் இரண்டு திசைகளில் ஓடுவது வழக்கம். ஒன்று, புதிதாக வந்த பொருளைப் பழித்தல்; மற்றையது, கடைசியாகத் தொட்டவரைப் பழித்தல். இரண்டும் எளியவை. ஆயின் இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை.

தோட்டத்துப் பாத்திக்கு நீர் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள தோட்டக்காரர் பாத்தியைக் கொத்திப் பார்ப்பதில்லை. வாய்க்கால் வழியே நடந்து செல்கின்றார். கிணற்றிலே நீர் உண்டோ, இயந்திரம் இறைக்கின்றதோ, குழாய் வெடித்ததோ, மடை மாறித் திறக்கப்பட்டதோ என்று ஒவ்வோரிடமாக நின்று பார்க்கின்றார். கணினியின் படமும் அத்தகையதே. படம் திரையிலே பிறப்பதன்று. அது கணினிக்குள்ளே பிறந்து, அதன் பின்புறத்துள்ள பொருத்துவாய் வழியாக வெளிவந்து, வடத்தினூடே சென்று, திரையின் பொருத்துவாயில் நுழைந்து, அதன் பின்னரே கண்ணுக்குப் புலப்படுகின்றது. திரைக்குரிய மின்சாரமோ இன்னொரு வாய்க்காலால், சுவரிலிருந்து, தனியாக வருகின்றது. ஆகவே முதற்கேள்வி ஒன்றுதான்: வராதது மின்சாரமா, படமா?

இக்கேள்விக்கு விடையிறுப்பது திரையின் விளிம்பிலுள்ள அச்சிறுவிளக்கு. விளக்கு அறவே எரியாவிடில் குறை மின்சார வழியிலே இருத்தல் கூடும். சுவர்ச் செருகியின் ஆளி போடப்பட்டுள்ளதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். படித்தவர்களும் இதிலே ஏமாறுவதுண்டு. அதே இடத்தில் மேசை விளக்கொன்றைச் செருகி எரிகின்றதா எனக் காணலாம். நம் நாட்டிலே உருண்டை முனைச் செருகிகளும் சதுர முனைச் செருகிகளும் கலந்து வழங்குவதால், இடையிலே மாற்றிகள் பல நுழைந்துவிடுகின்றன. அவை இளகியிருப்பது சாதாரணம். சதுர முனைச் செருகிக்குள்ளே சிறிய உருகியொன்று உண்டு என்பதைப் பலர் அறியார். அவ்வுருகி எரிந்தாலும் விளக்கு எரியாது. புதிய திரைகள் பலவற்றுக்கு மின்சாரம் தனியான சிறு பெட்டியொன்றின் வழியாகச் செல்கின்றது. அப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வடம், பெட்டியிலே முழுவதும் இறங்காமல் அரைகுறையாக நிற்பதும் உண்டு.

விளக்கு எரிகின்றதாயின் மின்சாரம் வந்துவிட்டது. அவ்விளக்கு செம்மஞ்சளாக நின்றாலோ, மெல்ல மினுங்கினாலோ, திரை உறங்குகின்றது என்பது பொருள். படம் வந்து சேரவில்லையாதலால் அது கண்ணை மூடிக்கொண்டது. நிறங்கள் உற்பத்தியாளருக்கேற்ப வேறுபடும். கைந்நூலைப் பார்த்துத் தெளிதல் நன்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'நோ சிக்னல்' என்று திரையிலே எழுத்துத் தோன்றினால், மக்கள் அதனைத் திரையின் நோயென எண்ணுகின்றனர். உண்மையில் அவ்வெழுத்தே ஒரு படம். அதனைக் காட்டுவதற்குத் திரையின் பின்னொளி எரிந்திருத்தல் வேண்டும். அதன் பளிங்குத் தகடு இயங்கியிருத்தல் வேண்டும். அதன் உட்சுற்றுகள் விழித்திருத்தல் வேண்டும். "எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை" என்று வாய்விட்டுக் கூறும் திரை பெரும்பாலும் நலமான திரையே. எழுத்துத் தோன்றாவிடினும், விளிம்பிலுள்ள பட்டனை அழுத்தி அதன் அமைப்புப் பட்டியலை வரவழைக்கலாம். பட்டியல் தோன்றுமாயின் அதே முடிவு.

அப்பட்டியலிலே இன்னொன்றும் காணக்கிடைக்கும். ஒரு திரைக்கு இரண்டு மூன்று பொருத்துவாய்கள் இருக்கும். எந்த வாயிலிருந்து படத்தை எதிர்பார்ப்பது என்பதைத் திரைக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பல திரைகள் தாமே தேடிக்கொள்ளும், சில தேடுவதில்லை, சில தேடியும் தவறவிடுகின்றன. வடம் எச்.டி.எம்.ஐ. வாயிலே செருகப்பட்டிருக்க, திரையோ டிஸ்பிளே போர்ட் என்னும் வேறு வாயிலே காத்திருந்தால், இரண்டும் சந்திக்கப் போவதில்லை. பட்டியலிலே 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்றிருக்கும் இடத்திற் சரியான வாயைத் தெரிந்தெடுத்தால் போதும். டிஸ்பிளே போர்ட் செருகிகள் பலவற்றிலே சிறு கொளுக்கியும் உண்டு. 'கிளிக்' என்ற ஓசை கேட்கும்வரை அதனை உள்ளே தள்ளுதல் வேண்டும். கழற்றும்போது மேலுள்ள பட்டனை அழுத்தியே இழுத்தல் வேண்டும்.

வன்னிக் குடும்பத்திற்கு மீள்வோம். அன்றிரவு அப்பிள்ளை உறங்காமல் ஒரு கொப்பியை எடுத்து, எது எது நிச்சயம், எது எது நிச்சயமில்லை என்று எழுதலானாள். திரை கடையிலே எரிந்தது. ஆகவே திரை நலம். ஆயின் கடையிலே சோதித்தது கடைக்காரரின் வடத்தைக் கொண்டு. வீட்டு வடம் எங்குமே சோதிக்கப்படவில்லை. தகப்பனார் பஸ்ஸில் அலைந்த பயணத்தினால் வடத்தைப் பற்றி ஒரு சொல்லும் தெரியவரவில்லை என்பதை அவள் அப்பொழுதே கண்டாள்.

விடிந்ததும் முதல் வேலையாக, வீட்டுத் தொலைக்காட்சியோடிருந்த செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டியிலே புதிய வடத்தின் ஒரு முனையையும், புதிய திரையிலே மறுமுனையையும் செருகினாள். காலைச் செய்தி திரையிலே தோன்றியது. திரையும் நலம், வடமும் நலம். அடுத்துக் கணினியைத் தொலைக்காட்சிக்கு அருகே தூக்கிச் சென்று, அதே வடத்தால் இரண்டையும் இணைத்தாள். தொலைக்காட்சியிலும் இருளே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்ததால், இருள் எதனோடு சேர்ந்து நடந்து வருகின்றது என்பது வெளியாயிற்று. அது கணினியோடு வந்தது. தொலைக்காட்சியிலும் இன்று எச்.டி.எம்.ஐ. வாய் இருப்பதால், வேறு திரை இல்லாத வீட்டிலும் இச்சோதனையைச் செய்யலாம். அயல்வீட்டுத் தொலைக்காட்சியும் உதவும்.

கணினி கெட்டுவிட்டதோ என்ற அச்சம் அப்பொழுது அவளைப் பற்றிக்கொண்டது. அதற்கும் எளிய பரீட்சை உண்டு. விசைப்பலகையிலே 'கப்ஸ் லொக்' என்னும் விசையை அழுத்தினால், அதற்குரிய சிறு விளக்கு எரிந்தணைய வேண்டும். அவள் அழுத்தினாள், எரிந்தது. மீண்டும் அழுத்தினாள்; அணைந்தது. திரையில்லாமலே கணினி இயங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்த அறிக்கையைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. படம் வெளிவராமையால் உள்ளேயுள்ள ஆவணங்களுக்குக் கேடு வருவதில்லை.

இனி எஞ்சியது படம் வெளியேறும் வாய் ஒன்றே. கணினியைத் திருப்பி வைத்து ஜன்னல் வெளிச்சத்திலே பின்புறத்தைப் பார்த்தாள். மேற்பகுதியில், விசைப்பலகையும் சுட்டியும் செருகப்பட்டிருந்த வரிசையிலே ஓர் எச்.டி.எம்.ஐ. வாய் இருந்தது. அவள் வடத்தைச் செருகியிருந்தது அதிலேதான். பின்புறம் முழுவதும் புழுதி. ஆயின் கீழே, குறுக்கே கிடந்த இரும்புத் தகடொன்றிலே, அகன்ற வெண்ணிற வாயொன்று மட்டும் புழுதி படியாமற் சுத்தமாக இருந்தது. பழைய திரையின் டி.வி.ஐ. வடம் இரண்டாண்டுகளாகச் செருகப்பட்டிருந்த இடம் அது. படம் அவ்வளவு காலமும் வெளிவந்தது மேலிருந்து அன்று, கீழிருந்து.

காரணம் இதுதான். கணினியின் தாய்ப்பலகையோடு சேர்ந்த பொருத்துவாய்கள் மேலே இருக்கும். படம் வரைவதற்கென்றே தனியாகச் செருகப்படும் வரைகலை அட்டை சில கணினிகளில் உண்டு; அதன் வாய்கள் கீழே குறுக்காக இருக்கும். அவ்வட்டை இருப்பதைக் கண்டதும் பெரும்பாலான தாய்ப்பலகைகள் தம் சொந்த வாயைத் தாமே அடைத்துவிடுகின்றன. மடை மாற்றப்பட்ட வாய்க்கால் அது. அதன் முன்னே எவ்வளவு நேரம் நின்றாலும் நீர் வராது. வேறு சில கணினிகளிலோ, முறைவழியாக்கி எனப்படும் புரொசெசருக்குப் படம் வரையும் திறனே கிடையாது. அவற்றிலே மேல்வாய் வெறும் அலங்காரம். மேலே ஒரு வாய் இருக்கின்றதே என்று எவரும் நம்பிச் செருகுவது இயல்பு. அதற்காகப் பிள்ளையை நோவதற்கில்லை.

கீழ்த்தகட்டிலே டி.வி.ஐ. வாய்க்கு அருகிற் கறுப்பு இறப்பராலான சிறு மூடியொன்று இருந்தது. அதனை அவள் அதுவரை தகட்டின் ஓர் உறுப்பென்றே நினைத்திருந்தாள். நகத்தால் மெல்ல நெம்பியபோது மூடி கழன்றது. உள்ளே புழுதி காணாத எச்.டி.எம்.ஐ. வாய். கணினியை நிறுத்தி, வடத்தை அதிலே மாற்றிச் செருகி, திரையை முதலிலும் கணினியைப் பின்னரும் இயக்கினாள். படம் வந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. தகப்பனார் வயலிலிருந்து வந்தபோது அவள் அறிக்கையின் பிரதியொன்றை மாமன் கொடுத்த சிறு நினைவகத்திலே சேமித்துக்கொண்டிருந்தாள். அவர் சற்று நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தேத்தண்ணி குடித்தாயோ?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வீட்டு விவகாரம் இவ்வாறு தீர்ந்தது. ஆயின் எல்லா வீட்டிலும் குறை அதே இடத்திலே இருக்கும் என்பதற்கில்லை.

பழைய கணினிக்குப் புதிய திரை வாங்குவோரைப் பெரிதும் அலைக்கழிப்பது வாய்கள் பொருந்தாமை. ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. என்னும் பதினைந்து துளை கொண்ட வாய், பெரும்பாலும் நீல நிறத்தது, நெடுங்காலம் எங்கும் வழங்கியது. 1999-இல் டி.வி.ஐ., 2002-இல் எச்.டி.எம்.ஐ., 2006-இல் டிஸ்பிளே போர்ட் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வி.ஜி.ஏ. வடத்திலே படம் ஏறியிறங்கும் மின்னழுத்தமாகச் செல்கின்றது, எச்.டி.எம்.ஐ. வடத்திலே எண்களாகச் செல்கின்றது. ஒன்றை மற்றொன்றாக்க மொழிபெயர்ப்பாளன் போன்ற சிறு சுற்றொன்று வேண்டும். அம்மொழிபெயர்ப்பாளனுக்கோ ஒரு திசையே தெரியும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் கருவியைத் திருப்பிப் பிடித்தால் அது வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றாது. பழைய கணினியில் வி.ஜி.ஏ. வாயும் புதிய திரையில் எச்.டி.எம்.ஐ. வாயும் இருப்பவருக்கு வேண்டியது இரண்டாவது வகை. பெரும்பாலும் அதற்கு யூ.எஸ்.பி. வழியாக மின்சாரமும் ஊட்ட வேண்டும். இரண்டு வகையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. கடையிலே "வி.ஜி.ஏ. மாற்றி" என்று மட்டும் கேட்பவர் பிழையானதைக் கொண்டு வருதல் எளிது. "கணினியிலே இன்ன வாய், திரையிலே இன்ன வாய்; படம் கணினியிலிருந்து திரைக்குப் போகவேண்டும்" என்று கூறிக் கேட்பதே தக்கது. டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் மலிவான வடங்களும் அவ்வாறே ஒருவழிப் பாதைகள்.

மடிகணினியின் யூ.எஸ்.பி. சீ என்னும் நீள்வட்ட வாய் இன்னொரு மயக்கத்தைத் தருகின்றது. உருவம் ஒன்றாயினும் எல்லா நீள்வட்ட வாய்களும் படத்தை அனுப்புவதில்லை. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் வடங்களிற் பலவும் படத்தைச் சுமக்கமாட்டா. அதற்குரிய கம்பிகள் அவற்றுள் இல்லை.

சிலவேளைகளிற் கணினியை இயக்கியவுடன் உற்பத்தியாளரின் சின்னம் திரையிலே தோன்றி, விண்டோஸ் தொடங்கும் தறுவாயில் மறைந்துவிடும். இது நல்ல செய்தி. திரை, வடம், வாய் மூன்றும் நலம். குறை மென்பொருளின் ஏற்பாட்டிலே உள்ளது. பழைய திரைக்கென வைத்த அளவோ வேகமோ புதிய திரைக்கு ஒவ்வாதிருக்கலாம். கணினியைப் பாதுகாப்பு முறையிலே தொடக்கினால் எளிய அளவிலே படம் தோன்றும், அங்கிருந்து திருத்திக்கொள்ளலாம். மடிகணினியோடு இணைத்த திரைக்கு, விண்டோஸ் விசையோடு 'பி' விசையையும் அழுத்தி, படம் எத்திரைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தெரிந்தெடுக்கலாம். விண்டோஸ், கொன்றோல், ஷிப்ட், 'பி' என்று சொல்வோரும் உளர். அது தமிழிலே ஒரே எழுத்தாய் ஒலிப்பதால் வரும் குழப்பம். அந்நான்கு விசைகளில் இறுதியானது ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்து. அவை சேர்ந்து படம் வரையும் மென்பொருளை மீள இயக்குகின்றன. முன்னர்க் கூறியதோ பதினாறாம் எழுத்து.

'கப்ஸ் லொக்' விளக்கும் எரியவில்லை, விசிறி மட்டும் சுழல்கின்றது, அல்லது கணினி 'பீப்' என்று திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது என்றால், குறை திரைக்கு வெகு தொலைவிலே உள்ளது. புதிய திரைக்கு இடம் செய்வதற்காகக் கணினியை இழுத்துத் தள்ளியபோது, உள்ளே 'ராம்' எனப்படும் நினைவகத் தகடு சற்று இளகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திச் செருகியையும் கழற்றிய பின்னர், பழகிய ஒருவரைக் கொண்டு அத்தகட்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துவது பலமுறை பயனளித்துள்ளது.

இவை யாவும் பார்த்த பின்னரும், வேறு கணினியோடும் வேறு வடத்தோடும் திரை இருண்டே நிற்குமாயின், அப்பொழுது திரையின் மேல் ஐயங்கொள்ளலாம். இருட்டறையிலே ரோச் வெளிச்சத்தைத் திரையின் மேற் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்கலாம். திரவப் பளிங்குத் தகடு தானாக ஒளிர்வதன்று. அதன் பின்னே எரியும் விளக்குகளின் ஒளியே அதனூடாகக் கண்ணை எட்டுகின்றது. ரோச் வெளிச்சத்திலே படம் நிழல்போல் மங்கலாகத் தெரிந்தால், படம் வந்துள்ளது, பின்னொளியே எரியவில்லை என்று பெறப்படும்.

அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். திரையின் முதுகைத் திறத்தல் ஆகாது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளுக்குள்ளே 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் இருந்தது. இன்றைய தட்டைத் திரைகளில் அவ்வளவு இல்லையெனினும், சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று நேரோட்டமாக மாற்றப்படும் பகுதியிலே 320 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கும். செருகியைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் அது அங்கே தங்கியிருக்கக்கூடும். திறந்த திரைக்கு உத்தரவாதமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கடைக்குத் திரும்பக் கொண்டு செல்லும்போது திரையை மட்டும் கொண்டு செல்வது அரைவேலை. அதனோடு வந்த வடம், மின்பெட்டி, பற்றுச்சீட்டு, உத்தரவாதப் பத்திரம் ஆகியவற்றையும் கொண்டு செல்லுதல் வேண்டும். கடையிலே சோதிக்கும்போது நமது வடத்தையே பூட்டச் சொல்ல வேண்டும். கணினியின் பின்புறத்தைக் கைத்தொலைபேசியிலே படம் பிடித்துச் சென்று காட்டினால், எந்த வாயிலே செருகியிருந்தோம் என்பதைக் கடைக்காரர் ஒரு பார்வையிலே கண்டுகொள்வார். உத்தரவாத காலம் முடியுமட்டும் அட்டைப் பெட்டியையும் நுரைத்தகடுகளையும் வீட்டிலே பத்திரப்படுத்தி வைப்பது நன்று. கிராமத்துப் பாதையிலே பஸ்ஸில் ஏற்றிச் செல்லும் திரைக்கு வேறு காப்பு இல்லை.